பொது அலுவலகம், தனி ஊர்: ஜெர்மன் கூட்டு ஊராட்சிகளின் இருநூறு ஆண்டுகள்

2012 ஜனவரி 1 அன்று, ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் ஓர் ஆட்சி அமைப்பு கலைக்கப்பட்டது. நொய்மாகன்-த்ரோன் கூட்டு ஊராட்சி என்பது அதன் பெயர். நொய்மாகன்-த்ரோன், பீஸ்போர்ட், மின்ஹைம், ட்ரிட்டன்ஹைம் என்று நான்கே ஊர்கள் அதில் இருந்தன. எல்லாம் சேர்ந்தும் ஆறாயிரம் பேர் அளவுதான் மக்கள்தொகை. செங்குத்தான ஆற்றுச் சரிவுகளில் திராட்சை வளர்த்து ஒயின் செய்கிற ஊர்கள் இவை. கலைப்புக்குப் பின் முதல் மூன்று ஊர்களும் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் உள்ள பெர்ன்காஸ்டல்-கூஸ் கூட்டு ஊராட்சியில் சேர்ந்தன. ட்ரிட்டன்ஹைம் மட்டும் எதிர்த்திசையில், ஆற்றின் மேல்பக்கத்து ஷ்வைஷ் கூட்டு ஊராட்சிக்குப் போயிற்று. அதனால் அந்த ஊருக்கு மாவட்டமே மாறியது.

ஊர்களுக்கு இதனால் என்ன ஆனது? நான்கும் இன்றும் தனித்தனி ஊராட்சிகளாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தன் மன்றம் உண்டு, தன் வரவுசெலவுத் திட்டம் உண்டு, தன் தலைவர் உண்டு. போனது அவர்களுக்குப் பொதுவாக இருந்த அலுவலகமும் அதை நடத்திய சபையும்தான். ஜெர்மன் கிராம ஆட்சியின் வரலாற்றில் மிக நீண்ட வாதம் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது. சொந்தமாக ஓர் அலுவலகம் நடத்த முடியாத அளவு சிறிய ஊர், தன்னைத் தானே ஆள முடியுமா? முடியும் என்றால் அதன் எழுத்து வேலையை யார் செய்வது? செய்கிறவர் நாளடைவில் அந்த ஊருக்கு எஜமானர் ஆகிவிடாமல் தடுப்பது எப்படி? இந்த மூன்று கேள்விகளுக்கும் கடந்த இருநூறு ஆண்டுகளில் ஜெர்மனியின் வெவ்வேறு பகுதிகள் கண்ட விடைகளை இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

பிரெஞ்சு விதை, பிரஷ்ய மரம்

மோசல் கரை ஊர்கள் எந்த அலுவலகத்தையும்விடப் பழையவை. நொய்மாகன் உரோமானியர் காலத்தில் நோவியோமாகுஸ் என்று அழைக்கப்பட்டது. நான்காம் நூற்றாண்டுக் கவிஞர் அவுசோனியுஸ் மோசல் ஆற்றைப் பாடிய நூலில் இந்த ஊர் இடம்பெறுகிறது. ஒயின் பீப்பாய்களை ஏற்றிய படகின் உருவில் செதுக்கிய உரோமானியக் கல்லறைச் சிற்பம் 19ஆம் நூற்றாண்டில் இங்குதான் கிடைத்தது. அது இப்போது டிரியரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீஸ்போர்ட்டில் உரோமானியர் திராட்சை பிழிந்த ஆலையின் எச்சம் 1980களில் தோண்டி எடுக்கப்பட்டது. இவ்வளவு பழைய ஊர்களின் மேல் இன்றைய வகை நிர்வாகம் வந்து அமர்ந்து இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

அதைக் கொண்டுவந்தது பிரெஞ்சுப் படை. ரைன் ஆற்றின் இடதுகரை 1794இல் பிரான்சின் கைக்கு வந்தது. 1798இல் அப்பகுதி நான்கு பெரும் நிர்வாகப் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. டிரியரும் மோசல் பள்ளத்தாக்கின் இந்தப் பகுதியும் சார் பிரிவில் அடங்கின. 1800இல் நெப்போலியன் ஆட்சி இயற்றிய சட்டம் உள்ளூர் நிர்வாகத்தை மேர் என்னும் அதிகாரியிடம் ஒப்படைத்தது. ரைன் பகுதியில் ஓர் ஊருக்கு ஒரு மேர் வைப்பது கட்டுப்படியாகவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்து, சட்டமும் தெரிந்த ஆட்கள் ஊர்தோறும் கிடைக்கவும் இல்லை. எனவே பக்கத்துப் பக்கத்து ஊர்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே மேரின் கீழ் வைத்தார்கள்.

நெப்போலியன் வீழ்ந்தபின், 1815இல், வியன்னா மாநாடு இந்நிலத்தைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்தது. பிரஷ்யா பிரெஞ்சுப் பெயரை எடுத்துவிட்டு அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டது. மேர் இருந்த இடத்தில் பியுர்கர்மைஸ்டர் வந்தார்; அவருடைய எல்லை பியுர்கர்மைஸ்டராய் ஆனது. நொய்மாகனும் பெர்ன்காஸ்டல் மாவட்டத்தில் அப்படியொரு தலைமையிடமாக இருந்தது. 1845 ஜூலை 23இல் வெளியான ரைன் மாநில ஊராட்சிச் சட்டம் இந்த இரட்டைத் தட்டை உறுதியாக்கியது. கீழே ஒவ்வோர் ஊருக்கும் ஊர்த்தலைவரும் மன்றமும் இருந்தார்கள். மேலே, பல ஊர்களுக்குமாக, அரசு நியமித்த பியுர்கர்மைஸ்டர் இருந்தார். கீழ்த்தட்டிலும் எல்லாருடைய வாக்கும் சமமாக இல்லை. செலுத்தும் வரியின் அளவைக் கொண்டு வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறையை இதே சட்டம்தான் அங்கே கொண்டுவந்தது. பின்னால் பிரஷ்ய நாடாளுமன்றத் தேர்தலிலேயே பேர்போன அந்த மூவகுப்பு வாக்குரிமை 1918 வரை நீடித்தது.

பக்கத்து வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 1841 அக்டோபர் 31 சட்டம் இதே வேலையை வேறு பெயரில் செய்தது. அங்கே கூட்டமைப்பின் பெயர் ஆம்ட். தலைமை அதிகாரி ஆம்ட்மன். பிரஷ்யாவின் கிழக்குப் பகுதிகளில் கதை வேறு. அங்கே பெருநிலக்கிழார்கள் தம் நிலத்து மக்கள் மேல் காவல் அதிகாரமே வைத்திருந்தார்கள். 1872 டிசம்பர் 13 மாவட்டச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பறித்து, சிறிய வட்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஊதியமில்லாத வட்டத் தலைவர் ஒருவரை வைத்தது. பதவி புதியது என்றாலும், பல இடங்களில் அதில் வந்து அமர்ந்தவர் அதே நிலக்கிழார்தான்.

இந்த மூன்று வடிவங்களுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. கூட்டு அலுவலகம் கிராமத்துக்குத் துணையாக மட்டும் பிறக்கவில்லை. கிராமத்தின் மேல் அரசு வைத்த கண்ணாகவும் அது பிறந்தது. பிறப்பு, இறப்புப் பதிவேடும் வரிக் கணக்கும் காவலும் ஒரே மேசையில் இருந்தன. மேசைக்குப் பின்னால் இருந்தவரை ஊர்மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பின்வந்த நூற்றைம்பது ஆண்டுச் சீர்திருத்தம் பெரும்பாலும் இந்தப் பிறவிக் குறையைத் தீர்க்க எடுத்த முயற்சியே.

பெயர் மாற்றமும் பெரும் இருளும்

1927 டிசம்பர் 27இல் பிரஷ்ய அரசு இயற்றிய சட்டம், எஞ்சியிருந்த தனி நிலக்கிழார் வட்டங்களைக் கலைக்க வழிசெய்தது. ரைன் மாநிலத்து நாட்டுப்புற பியுர்கர்மைஸ்டராய்களுக்கும் ஆம்ட் என்ற பெயரைக் கொடுத்தது. இப்படி ரைன் மாநிலத்திலும் வெஸ்ட்ஃபாலியாவிலும் ஒரே சொல் வழங்கலாயிற்று.

ஏழே ஆண்டுகளில் எல்லாம் வேறாகிவிட்டது. 1935 ஜனவரி 30இல் நாஜி அரசு கொண்டுவந்த ஜெர்மன் ஊராட்சிச் சட்டம் ஊர்மன்றங்களின் வாக்களிக்கும் உரிமையை ஒழித்தது. தலைவர்கள் மேலிருந்து நியமிக்கப்பட்டார்கள். கட்சி சொன்னதே முடிவு. பெரிய ஊர், சிறிய ஊர், கூட்டமைப்பு என்ற வேறுபாடு அப்போது பொருளற்றுப் போனது. தன்னாட்சி என்ற சொல்லைச் சட்டத்தின் வாசகத்தில் வைத்துக்கொண்டே அதன் உள்ளீட்டை முழுக்க எடுத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஜெர்மன் வரலாற்றில் இல்லை. போருக்குப் பின் 1949இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஊராட்சிகள் தம் சமூகத்து விவகாரங்களைத் தம் பொறுப்பில் நடத்தும் உரிமையை அரசியலமைப்பு உறுதிமொழியாகவே தந்தது. அந்த இருளிலிருந்து வந்தவர்கள் எழுதிய வரி என்று நினைத்துப் படித்தால்தான் அதன் எடை தெரியும்.

எழுபதுகளின் கத்தரிக்கோல்

1960களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியில் 24,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. பள்ளிக்கூடம், சாக்கடைச் சுத்திகரிப்பு, நிலத் திட்டமிடல் என்று ஊராட்சியின் பொறுப்புகள் பெருகிக்கொண்டே போயின. ஐந்நூறு பேர் உள்ள ஊரால் இவற்றைத் தாங்க இயலாது என்று மாநில அரசுகள் முடிவுகட்டின. பத்தே ஆண்டுகளில் ஊராட்சிகளின் எண்ணிக்கை 8,500 அளவுக்கு இறங்கியது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் வெட்டிய விதம் வேறு. கூட்டமைப்புகளின் தலையெழுத்தும் அதற்கேற்ப மாறியது.

நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா முழு இணைப்பைத் தேர்ந்தது. அங்கே பல ஆம்ட்கள் அப்படியே ஒரே பெரிய ஊராட்சி ஆக்கப்பட்டன. உள்ளே இருந்த கிராமங்கள் சட்டப்படியான உருவத்தை இழந்து வெறும் ஊர்ப்பகுதிகள் ஆயின. 1974 முடிவோடு அம்மாநிலத்தில் ஆம்ட் என்ற அமைப்பே மறைந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த ஊராட்சிகள் இன்று 396. சார்லாந்து 1974 ஜனவரி 1 அன்று 345 ஊராட்சிகளை 50 ஆகக் குறைத்தது. பாடன்-வியுர்டம்பெர்க் 3,379இலிருந்து 1,111க்கு வந்தாலும், சிறிய ஊராட்சிகள் பக்கத்து ஊரோடு நிர்வாகத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியைத் திறந்தே வைத்தது. லோயர் சாக்சனி, சாம்ட்கெமைண்டே என்ற தன் பழைய கூட்டு வடிவத்தைப் பலப்படுத்திக்கொண்டது.

ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலம் எடுத்த வழிதான் நம் மோசல் கதைக்கு நேரடியாக உரியது. 1968இல் அது இயற்றிய சட்டம் ஆம்ட்களை ஃபெர்பாண்ட்ஸ்கெமைண்டே, அதாவது கூட்டு ஊராட்சி, என்ற புதிய அமைப்பாக மாற்றியது. அதுவரை ஆம்ட் முறையே அறியாத பலாட்டினேட் பகுதிக்கும் 1972இல் அது விரிந்தது. சிறிய ஊர்களை அழிக்காமலேயே நவீன அலுவலகம் ஒன்றை அவற்றுக்குத் தர முடியும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. இன்றும் அம்மாநிலத்தில் சுமார் 2,300 ஊராட்சிகள் இருக்கின்றன. நான்கு மடங்குக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் இருப்பதைப்போல இது ஏறத்தாழ ஆறு மடங்கு.

மேசையும் முடிவும்

ரைன்லாந்து-பலாட்டினேட் சட்டத்தின் நுட்பம் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. தீயணைப்பு, தொடக்கப்பள்ளிக் கட்டடம், குடிநீர், கழிவுநீர், நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஆகியவை கூட்டு ஊராட்சியின் சொந்தப் பொறுப்பு. மனைப் பிரிவுக்கான விரிவான திட்டம், ஊர்ச் சாலை, சமுதாயக் கூடம், இடுகாடு, ஊர்க்காடு போன்றவை ஊராட்சியின் கையில் இருக்கின்றன. இவற்றில் மன்றம் முடிவெடுக்கும். அந்த முடிவுக்கான ஆவணத்தைத் தயாரிப்பது, ஒப்பந்தம் எழுதுவது, கணக்கு வைப்பது, பணம் பட்டுவாடா செய்வது எல்லாம் கூட்டு அலுவலகத்தின் வேலை. அதை அலுவலகம் ஊராட்சியின் பெயரில், ஊராட்சி சொன்னபடி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊராட்சித் தலைவருக்குச் சம்பளமில்லை, சிறு படிதான். பகலில் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ இருப்பவர், மாலையில் ஊர்த்தலைவர். கூட்டு ஊராட்சியின் தலைவர் முழுநேர ஊழியர். 1990களிலிருந்து அவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த அமைப்புக்கான செலவை ஊராட்சிகள் தம் வரி வலுவுக்கேற்ற பங்காகச் செலுத்துகின்றன.

காகிதத்தில் இது மிகச் சீராகத் தெரியும். நடைமுறையில் ஒரு சிக்கல் விடாமல் தொடர்கிறது. சட்டம் தெரிந்தவரும் முழுநேரம் இருப்பவரும் கூட்டு அலுவலகத்தில் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் உரிமை உள்ளவருக்கு அந்த நேரமும் இல்லை, ஆள்பலமும் இல்லை. எந்த வழிகள் உண்டு என்று முன்வைப்பவரே பாதி முடிவை எடுத்துவிடுகிறார். கூட்டுக்குப் போகும் பங்கு கூடக்கூட ஊராட்சியின் கையில் தன் விருப்பப்படி செலவிட எஞ்சுவது குறைகிறது. பொறுப்பு ஊரில் இருந்தும் பணம் இல்லாவிட்டால் அந்தப் பொறுப்பு பெயரளவுதான். கூட்டு ஊராட்சி முறையை ஆதரிப்பவர்கள் இந்தக் குறையை மறைக்காமல் பேச வேண்டும் என்றே நான் கருதுகிறேன். மறைத்தால் முழு இணைப்பைக் கோருபவர்களின் வாதம்தான் வலுக்கும்.

வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் இதே சிக்கல் நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே ஆம்ட் சபையில் இருப்பவர்கள் பெரும்பாலும் உறுப்பு ஊராட்சிகளின் தலைவர்கள். மக்கள் அந்தச் சபைக்கென்று நேரடியாக வாக்களிப்பதில்லை. ஊராட்சிகள் ஒவ்வொரு பொறுப்பாக ஆம்ட்டிடம் ஒப்படைத்துக்கொண்டே போனதால் எழுத்து அலுவலகம் ஆளும் அமைப்பாக வளர்ந்துவிட்டது. 2010 பிப்ரவரி 26இல் மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. உண்மையான ஆட்சிப் பொறுப்புகள் குவியும் அமைப்புக்கு மக்களின் நேரடித் தேர்தல் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதன்பின் மாநிலச் சட்டமன்றம், ஓர் ஆம்ட்டுக்கு ஒப்படைக்கக்கூடிய பொறுப்புகள் அதிகபட்சம் ஐந்து என்று வரம்பு கட்டியது. ஓர் அமைப்பின் கையில் எவ்வளவு அதிகாரம் சேர்கிறதோ, அவ்வளவுக்கு அது வாக்காளரிடம் பதில் சொல்லியாக வேண்டும் என்னும் கொள்கையை ஒரு நீதிமன்றம் கிராம அலுவலகத்தின் அளவிலேயே நிலைநாட்டிய நிகழ்வு இது.

எர்மர்ஸ்ஹவுசன் சொல்லும் செய்தி

பவேரியாவில் சீர்திருத்தம் 1978 மே 1 அன்று முடிவுக்கு வந்தது. சுமார் 7,000 ஊராட்சிகள் இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கின. சிறியவற்றில் தப்பிப் பிழைத்தவை நிர்வாகக் கூட்டு என்ற இலேசான அமைப்பில் அலுவலகத்தைப் பகிர்ந்துகொண்டன. அவ்வாறான கூட்டுகள் இன்றும் அங்கே 300க்கு மேல் உண்டு.

கிழக்கு ஜெர்மனி எல்லையோரம் இருந்த எர்மர்ஸ்ஹவுசன் என்ற சிற்றூர் பக்கத்து மாரோல்ட்ஸ்வைசாக்கோடு இணைக்கப்படுவதை ஏற்கவில்லை. ஊர்மக்கள் தங்கள் ஊராட்சி மன்றக் கட்டடத்தை விட்டுக்கொடுக்காமல் காத்து நின்றார்கள். 1978 மே மாதத்தில் பெரும் போலீஸ் படை வந்து உள்ளே புகுந்து கோப்புகளை எடுத்துப் போயிற்று. அதோடு முடிந்துவிடும் என்று அரசு எண்ணியிருக்கலாம். ஊர் விடவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் போராடி, 1994 ஜனவரி 1 அன்று எர்மர்ஸ்ஹவுசன் மறுபடி தனி ஊராட்சி ஆனது.

இந்தக் கதையின் அடுத்த பகுதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தன்னாட்சிக்காக இவ்வளவு போராடிய ஊர், தனக்கென்று முழு அலுவலகம் ஒன்றை அமைத்துக்கொள்ளவில்லை. ஹோஃப்ஹைம் நிர்வாகக் கூட்டில் உறுப்பாகச் சேர்ந்தது. அதன் எழுத்து வேலை பொது மேசையில் நடக்கிறது. அந்த மக்கள் கேட்டது மேசையை இல்லை என்பது இதிலிருந்தே விளங்குகிறது. தங்கள் ஊரைப் பற்றிய முடிவைத் தாங்கள் எடுக்கும் உரிமையையே அவர்கள் கேட்டார்கள்; அலுவலகத்தைப் பகிர்ந்துகொள்வது அந்த உரிமைக்குக் குறைவு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

கிழக்கின் இரண்டாம் சுற்று

1990இல் ஜெர்மனி ஒன்றானபோது கிழக்கில் 7,500க்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. நாற்பதாண்டுகள் மேலிருந்து ஆளப்பட்ட மக்கள், தங்கள் கிராம மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் புதிதாகப் பெற்றிருந்தார்கள். உடனே ஊர்களை இணைத்தால் அந்த உரிமையைக் கொடுத்த கையாலேயே பறிப்பதாகும். ஆகவே பிராண்டன்பர்க்கும் மெக்லன்பர்க்-மேற்குப் பொமரேனியாவும் ஆம்ட் முறையைக் கொண்டுவந்தன. துரிங்கியாவும் சாக்சனி-அன்ஹால்ட்டும் நிர்வாகக் கூட்டுகளை அமைத்தன.

அந்தப் பொறுமை நீடிக்கவில்லை. இளைஞர்கள் மேற்கே போனார்கள். பிறப்பு விகிதம் சரிந்தது. பிராண்டன்பர்க் 2003இல் பெருமளவு இணைப்பை நடத்தியது. அதற்கு முன் அங்கிருந்த 150க்கு மேற்பட்ட ஆம்ட்களில் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சின. சாக்சனி-அன்ஹால்ட் நிர்வாகக் கூட்டுகளை அடியோடு ஒழித்தது. 2011க்குள் ஆயிரத்துக்கு மேல் இருந்த ஊராட்சிகள் ஏறத்தாழ 220 ஆகச் சுருங்கின. இன்று உள்ள 218இல் 104 முழு இணைப்பு ஊராட்சிகள். மீதி 114, மேற்கிலிருந்து கடன் வாங்கிய வடிவமான 18 கூட்டு ஊராட்சிகளின் கீழ் இருக்கின்றன. துரிங்கியா அரசு மேலிருந்து திணிக்கப் பார்த்த சீர்திருத்தத்தின் முன்னோடிச் சட்டம் 2017 ஜூன் 9இல் அம்மாநில அரசியலமைப்பு நீதிமன்றத்தில் விழுந்தது. அதன்பின் தாமாக இணையும் ஊர்களுக்கே அரசு வழிவிட்டது. பிராண்டன்பர்க்கிலோ 2020 ஜனவரி 1 முதல் லீபன்வெர்டா என்ற கூட்டு ஊராட்சி ரைன்லாந்து மாதிரியில் இயங்குகிறது. ஒரு மாநிலம் மூடிய கதவை இன்னொரு மாநிலம் திறக்கிறது.

இணைத்தால் செலவு மிச்சமா? செபாஸ்டியன் பிளெஸ்ஸே, துஷ்யந்தன் பாஸ்கரன் என்ற இரு பொருளியலாளர்கள் பிராண்டன்பர்க் இணைப்புகளை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டாயமாக இணைக்கப்பட்ட ஊராட்சிகளில் செலவு குறைந்தது, தாமாக இணைந்தவற்றில் குறையவில்லை என்று அவர்கள் கண்டார்கள். சாக்சனியின் மாவட்ட இணைப்புகளை ஆராய்ந்த ஃபெலிக்ஸ் ரோசல் மிச்சம் எதையும் காணவில்லை. பிளெஸ்ஸேயும் ரோசலும் சேர்ந்து பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எதிர்பார்த்த சேமிப்பு பெரும்பாலும் வருவதில்லை, மக்களின் தேர்தல் பங்கேற்போ குறைகிறது என்று எச்சரித்தார்கள். பெரிதாக்கினால் மலிவாகும் என்ற வாதம் சில இடங்களில் பொருந்தலாம். அதை விதியாகக் கொள்ளும் அளவுக்குச் சான்று இல்லை.

மீண்டும் மோசல் கரைக்கு

இப்பின்னணியில் நொய்மாகன்-த்ரோன் கூட்டு ஊராட்சியின் முடிவைப் பார்க்கலாம். 2010 செப்டம்பரில் ரைன்லாந்து-பலாட்டினேட் இயற்றிய சட்டம், கூட்டு ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 12,000 மக்கள் வேண்டும் என்றது. பரப்பும் ஊர் எண்ணிக்கையும் பெரிதாக இருந்தால் 10,000 போதும். தாமாக இணைய 2012 ஜூன் 30 வரை காலம் கொடுத்தது. நொய்மாகன்-த்ரோன் அந்த அளவுகோலில் பாதியைத்தான் தொட்டது. காலக்கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அது கலைந்தது. சொத்து, கடன், ஊழியர், குழாய்கள், வாகனங்கள் எல்லாம் இரண்டு புதிய கூட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

இருநூறு ஆண்டுத் தொடர்ச்சி உடைந்ததை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. அலுவலகம் பக்கத்தில் இருந்தால் முதியவர் நடந்து போவார். இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனால் பேருந்துக்குக் காத்திருப்பார். கோப்பை எழுதுபவருக்கு ஊரைத் தெரிந்திருந்தால் கோப்பு வேறு மாதிரி இருக்கும். இந்த இழப்பை எந்தச் செலவுக் கணக்கும் காட்டாது.

ஆனாலும், நான்கு ஊர்களில் மூன்று ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் போக முடிந்தது என்பதை மறக்கக் கூடாது. ட்ரிட்டன்ஹைம் ஊராட்சியாக உயிரோடு இருந்ததால்தான் மாவட்ட எல்லையைத் தாண்டி வேறொரு கூட்டில் போய்ச் சேர முடிந்தது. வெஸ்ட்ஃபாலியாவில் 1975இல் கரைக்கப்பட்ட ஒரு கிராமத்துக்கு அந்த வழி இல்லை. போவதற்குச் சட்டப்படி அங்கே ஊரே இல்லை. கூட்டு ஊராட்சி முறை தன் ஊர்களுக்குச் செய்து கொடுத்த ஆகப்பெரிய உதவி, வேண்டியபோது அவை தன்னை விட்டே போகக்கூடிய நிலையில் அவற்றை வைத்திருந்ததுதான். நொய்மாகன்-த்ரோன் என்ற கூட்டு இன்று இல்லை. அது காத்த நான்கு மன்றங்களும் கூடிக்கொண்டிருக்கின்றன.